பையன்கள் எல்லாம் மைதானத்துக்கு

எட்டு மாடிக் கட்டடத்தின் உச்சியில், மொட்டை மாடியின் ஒரு மூலையில், லிஃப்ட் மோட்டாருக்கென்று ஒரு சின்ன அறை இருந்தது. கிரீஸும் சூடான இரும்பும் கலந்த வாடை. நடுவே மோட்டார், அதன் பெரிய சக்கரத்தில் மாட்டித் தொங்கும் கம்பிவடங்கள். மெக்கானிக் உள்ளே போனால் கொஞ்சம் குனிந்துதான் நிற்க வேண்டும், அவ்வளவு உயரம் அவன். எத்தனையோ கட்டடங்களின் லிஃப்ட்டுகளை அவன் பார்த்துக்கொண்டாலும் இதை மட்டும் வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டான். காரணம், அந்த அறையின் ஜன்னல். எட்டிப் பார்த்தால், தெருவுக்கு அந்தப் பக்கம், அவன் படித்த பள்ளிக்கூடத்தின் மைதானம் முழுசாகத் தெரியும்.

அன்று பிரேக்கைச் சரிபார்த்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டே எட்டிப் பார்த்தான். பையன்கள் பந்தை உதைத்துக்கொண்டிருந்தார்கள். பையன்கள் மட்டும். புதன்கிழமை மத்தியானம், ஒன்பதாம் வகுப்பு. பெண்பிள்ளைகள் எங்கே என்று அவனுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. மாடிப்படிக்குப் பக்கத்தில் இருக்கும் தையல் அறையில், திரைச்சீலை இழுத்துவிட்ட ஜன்னலுக்குப் பின்னால் இருப்பார்கள். அவன் மகளும் அங்கேதான் இருப்பாள்.

கோல் கம்பத்தில் நின்ற பையன் ஒரு பக்கமாகவே ஒதுங்கி நின்றான். "நடுவுல வாடா," என்று எட்டு மாடி உயரத்திலிருந்து இவன் முணுமுணுத்தான். பையன் வரவில்லை. பந்து உள்ளே போயிற்று. மெக்கானிக்குக் கோபமே வந்துவிட்டது.

கோபம் வராமல் என்ன செய்யும்? ஒரு காலத்தில் அந்தக் கம்பத்துக்கு நடுவில் நின்றவன் அவன்தான். எதையும் உள்ளே விடமாட்டான் என்று 'பூட்டு' என்று பேர் வைத்திருந்தார்கள். பள்ளிக்கூடத்துக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்த அணி அது. வாங்கிக் கொடுத்த ரகசியம் ரொம்பச் சின்னது. நேர அட்டவணையில் 'உடல்நலம்' என்று ஒரு பாடம் இருந்தது, புதன்கிழமை கடைசி இரண்டு பீரியடு. மணி அடித்ததும் விளையாட்டு வாத்தியார் விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வாசலில் வந்து நிற்பார். "பொண்ணுங்க தையல் ரூமுக்கு. பையன்கள் எல்லாம் மைதானத்துக்கு." அவ்வளவுதான் பையன்களின் உடல்நலம். மற்றப் பள்ளிப் பிள்ளைகள் ஏதோ படித்துக்கொண்டிருந்த நேரத்திலெல்லாம் இவர்கள் பந்து உதைத்தார்கள். கோப்பை வராமல் எங்கே போகும்?

அந்த மத்தியானங்களைப் போல ஒன்றை அவன் பிறகு பார்த்ததில்லை. வாத்தியார் மரத்தடியில் நாற்காலியைப் போட்டு, தொப்பியை மூக்குவரை இறக்கிவிட்டுத் தூங்கிவிடுவார். ஒட்டுப்போட்ட பந்து ஒரு பக்கமாகவே உருளும். வியர்வையில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். ஆட்டத்துக்கு நடுவே எல்லோருடைய கண்ணும் ஒரு தடவையாவது அந்தத் திரைச்சீலைப் பக்கம் போய்விட்டு வரும். உள்ளே என்ன நடக்கிறது? ஒருவன் படம் போட்டுக் காட்டுகிறார்கள் என்றான். ஒருவன் மாத்திரை கொடுக்கிறார்கள், அதைத் தின்றால் எல்லாம் தெரிந்துவிடும் என்றான். தையல் டீச்சரின் மேஜையில் பூட்டுப் போட்ட மரப்பெட்டி ஒன்று இருப்பதைத் தன் கண்ணால் பார்த்ததாக அணியில் 'புயல்' என்று பேரெடுத்தவன் சத்தியம் செய்தான். அதற்குள்தான் எல்லாமே இருக்கிறது என்று முடிவாயிற்று.

பெண்கள் வெளியே வரும்போது முகவாயைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். இவர்களைத் திரும்பியும் பார்க்க மாட்டார்கள். அந்த நடையைப் பார்த்தாலே பையன்கள் ஒதுங்கி வழி விடுவார்கள். அவர்களுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது, நமக்குத்தான் ஒன்றும் தெரியாது. இந்த எண்ணம் ஒருவனையும் விட்டுவைக்கவில்லை. ஆனால் ஒருவனும் வாயைத் திறந்து சொல்லவும் இல்லை.

லிஃப்டை ஓட்டிப் பார்த்துவிட்டுக் கீழே இறங்கினான். கட்டடத்தின் தரைத்தளத்தில் பேக்கரி இருக்கிறது. அதன் முதலாளிதான் அந்தப் புயல். முன்வரிசையில் ஓடி எதிராளியைச் சுழற்றியடித்தவன். புயல் கரை கடந்து வருஷங்கள் ஆகிவிட்டன. இப்போது கல்லாவுக்கும் அடுப்புக்கும் நடுவே நடந்தாலே மூச்சு வாங்கும். பெற்றோர் சங்கத்துக்கும் அவன்தான் தலைவன்.

கல்லாவுக்கு மேலே இரண்டு போட்டோ தொங்கின. ஒன்று இவர்களுடைய அணி. இன்னொன்றில் கோப்பையோடு நின்றவன் புயலின் மூத்த மகன், அதே மைதானத்தில் ஆடியவன். இப்போது உள்ளே அடுப்பிலிருந்து தட்டு தட்டாக பன்னை இழுத்துக்கொண்டிருந்தான். மெக்கானிக்கைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினான்.

"என்னடா, புள்ள சுரத்தே இல்லாம இருக்கான்?"

"பொண்டாட்டி அவங்க அம்மா வீட்டுக்குப் போயிருக்கா. போனவ இன்னும் வரல. வந்துருவா. சின்னஞ்சிறுசுங்க, கல்யாணமாகி ரெண்டு வருஷந்தானே ஆகுது," என்ற புயல் பேச்சை மாற்றினான். "வர்ற வெள்ளிக்கிழமை கூட்டம். மறந்துறாத. புது தலைமை ஆசிரியை ஒரே பிடியா நிக்கிறாங்க."

விஷயம் மெக்கானிக்குக் கைப்பேசியில் வந்திருந்தது. உடல்நலப் பாடத்தை இனி ஒழுங்காக நடத்த வேண்டும், எப்படி என்பதைப் பெற்றோர் முடிவு செய்யட்டும் என்று பள்ளிக்கூடம் கேட்டிருந்தது. இரண்டு வழி. ஒன்று முழுப்பாடம். உடம்பு எப்படி வளர்கிறது, குழந்தை எப்படி உண்டாகிறது, எப்படித் தடுப்பது, என்ன நோய் வரும், வேண்டாம் என்றால் எப்படிச் சொல்வது, சொன்னால் எப்படிக் கேட்டுக்கொள்வது. பையன்களும் பெண்களும் ஒரே வகுப்பில். இன்னொன்று 'காத்திருப்போம்' பாடம். கல்யாணம் வரைக்கும் தள்ளியிருங்கள் என்று சொல்லி, அதற்கு உறுதிமொழி வாங்கிக்கொண்டு, பர்ஸில் வைத்துக்கொள்ள ஒரு அட்டையும் கொடுப்பார்கள். அதுவும் பெண்களுக்கு மட்டும்.

"பையன்கள் வழக்கம்போல மைதானம்," என்றான் புயல். "நாமல்லாம் அப்படித்தானே வளந்தோம். கெட்டா போயிட்டோம்? இந்த வயசுல அதையெல்லாம் வெவரமா சொல்லிக் குடுத்தா சும்மா இருக்கிறவனையும் தட்டி எழுப்புன மாதிரி ஆயிரும். அந்தந்த வயசுல தானாத் தெரியும்டா எல்லாம்."

மெக்கானிக் பன்னைக் கடித்துக்கொண்டு நின்றான். நிஜத்தைச் சொன்னால் அவனுக்கும் பாதி மனசு அந்தப் பக்கம்தான். மகளைப் பெற்றவன். தள்ளியிரு என்று யாராவது அவளுக்குச் சொன்னால் கசக்குமா? அதோடு அந்த மைதானம். புதன்கிழமை மத்தியானம் அது காலியாகக் கிடப்பதை நினைத்தாலே அவனுக்கு நெஞ்சை என்னவோ செய்தது.

"கூட்டத்துல நீ எழுந்து ரெண்டு வார்த்தை பேசு. பூட்டு சொன்னா எல்லாரும் கேப்பாங்க," என்றான் புயல்.

மெக்கானிக் பன்னுக்குக் காசை எடுத்து வைத்தான். பிடி கொடுக்காமல் நழுவி வந்துவிட்டான்.

வீட்டில் சாப்பிடும்போது மகள் நேராகவே கேட்டாள். "அப்பா, நீங்க எதுக்குக் கை தூக்கப் போறீங்க?"

"நீ சாப்பிடு கண்ணு."

"முழுப்பாடத்துக்குத் தூக்குங்கப்பா. பசங்களுக்கு ஒண்ணுமே தெரியல. எங்களப் பாத்தா சும்மா சும்மா சிரிக்கிறாங்க. எங்களுக்கும் ஒண்ணும் தெரியாது, அது வேற கதை."

"தையல் ரூம்ல என்னதான் பண்றீங்க?"

"தலையணை உறை," என்றவள் உடனே நாக்கைக் கடித்துக்கொண்டாள். "வெளிய சொல்லிறாதீங்க. பசங்க என்னமோ இருக்குன்னு நெனச்சுட்டு இருக்காங்க."

அவன் மனைவியைப் பார்த்தான். அவள் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சிரிப்பை அடக்கியதில் உதடு மட்டும் லேசாகத் துடித்தது. அவள் அதே அறையில் இருந்த காலத்தில் கைக்குட்டை. இப்போது தலையணை உறை. முன்னேற்றம்தான்.

மகள் எழுந்து போனபிறகு அவன் குரலைத் தாழ்த்தினான். "புயல் என்னை பேசச் சொல்றான்."

"பேசுங்க."

"என்னன்னு பேசறது? நம்ம கதையச் சொன்னா..."

"செத்தாலும் வேண்டாம்," என்றாள். "அங்க உங்க அக்கா இருப்பாங்க. ஊரே இருக்கும். எனக்குச் சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கீங்க."

கொடுத்துத்தான் இருந்தான். அது அவர்கள் இருவருக்கும் மட்டும் சொந்தமான கதை.

அவள் அவனுடைய வகுப்புதான். முகவாயைத் தூக்கிக்கொண்டு நடந்தவர்களில் ஒருத்தி. வீட்டில் பேசி முடித்துக் கல்யாணம் ஆனபோது அவனுக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் அறைக்கதவைச் சாத்தியதும் அந்தத் திரைச்சீலை நினைவுக்கு வந்துவிட்டது. இவள் அந்தப் பெட்டியில் இருந்ததையெல்லாம் படித்தவள். அவளே சொல்லட்டும் என்று காத்திருந்தான். அவளோ, ஆண்பிள்ளைகள் ஒருவருக்கொருவர் எல்லாம் சொல்லிக்கொள்வார்கள், இவருக்குத் தெரியாமலா இருக்கும் என்று காத்திருந்தாள். அவனுக்குத் தெரியவில்லை என்று காட்டிக்கொள்ள வெட்கம். கேட்டால் தப்பாக நினைப்பானோ என்று அவளுக்குப் பயம். பாசத்துக்குக் குறைவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு தூங்குவார்கள். அதுதான் எல்லாம் என்று சில நாள் நினைத்தார்கள். அதுவல்ல என்றும் சில நாள் தோன்றும். இப்படியே மூன்று வருஷம்.

அந்த மூன்று வருஷமும் பேச்சு வாங்கினவள் அவள். அவனுடைய அக்கா வீட்டுக்கு வரும்போதெல்லாம் தம்பி மனைவியின் வயிற்றைத்தான் முதலில் பார்ப்பாள். யார் யாரோ சொன்ன மருந்தைக் காய்ச்சிக் கொண்டுவந்து, குடித்து முடிக்கும்வரை எதிரிலேயே நிற்பாள். "எங்க குடும்பத்துல யாருக்கும் இப்படி இல்ல," என்பாள். மனைவி கசப்பை விழுங்கிவிட்டுத் தம்ளரைக் கழுவி வைப்பாள். சமையலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுவாள். அவனுக்குக் கேட்கும். கேட்டும் என்ன பேசுவது என்று தெரியாமல் வேலைக்குக் கிளம்பிப் போய்விடுவான்.

கடைசியில் ஒரு பெண் டாக்டரிடம் போனார்கள். வயதானவர், மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பவர். ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்தவர், ஒரு கேள்விக்கு இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்து முழித்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "உங்களுக்கு யாருமே சொல்லித் தரலையா?" என்று கேட்டார். "இவளுக்குத் தெரியும்னு..." என்று அவனும் "இவருக்குத் தெரியும்னு..." என்று அவளும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். டாக்டர் ஒரு நிமிஷம் என்று வெளியே போனார். திரும்பி வந்தபோது கண்ணோரம் ஈரமாக இருந்தது. சிரித்தாரா அழுதாரா என்று இன்றுவரை அவர்களுக்குத் தெரியாது. பிறகு ஒரு காகிதத்தை எடுத்து, படம் வரைந்து, கூச்சமே இல்லாமல், கணக்கு வாத்தியார் மாதிரி விளக்கினார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில்தான் கைக்குட்டைக் கதையை அவள் சொன்னாள். மரப்பெட்டியில் நூல்கண்டு என்றதும் அவனுக்குச் சிரிப்பு வெடித்தது. அவளும் சிரித்தாள். எதிர் இருக்கைக்காரர் எழுந்து வேறு இடம் போய்விட்டார். கண்ணில் நீர் வரச் சிரித்து, வயிறு வலித்து, இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டார்கள். தங்களுக்குக் கல்யாணம் ஆன நாள் அதுதான் என்று அவன் மனசுக்குள் வைத்திருந்தான். இன்னும் அந்த வழியாக பஸ் போகும்போது அவனுக்கு இனிக்கும். மகள் பிறந்தது அதற்கு அடுத்த வருஷம். அக்கா தன்னுடைய மருந்துதான் வேலை செய்தது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டாள். இவர்களும் மறுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூட ஹாலில் கூட்டம். யாரும் சொல்லாமலே அப்பாக்கள் ஒரு பக்கமும் அம்மாக்கள் ஒரு பக்கமுமாக உட்கார்ந்திருந்தார்கள். பெரும்பாலும் அதே வகுப்பில் படித்த முகங்கள். மயிர் உதிர்ந்தும் தொந்தி விழுந்தும் வந்திருந்தன. அக்காவின் கடைசிப் பையனும் ஒன்பதாம் வகுப்பு என்பதால் அவளும் முன்வரிசையில் இருந்தாள். தலைமை ஆசிரியை இரண்டு பாடத்தையும் பக்கம் சாயாமல் விளக்கிவிட்டு உட்கார்ந்தார்.

புயல் எழுந்தான். பழைய கதையை எடுத்தான். தூங்கும் வாத்தியார், ஒரு பக்கமாக உருளும் பந்து, மழையில் ஆடிய கடைசி ஆட்டம். ஹால் முழுக்கச் சிரிப்பு. மெக்கானிக்குக்கூட மறுபடி அந்த மழையில் நிற்பது போல இருந்தது. அவ்வளவு அழகாகச் சொன்னான். "நம்மளயெல்லாம் யாரு உக்கார வெச்சுப் பாடம் எடுத்தா? நமக்குக் கல்யாணம் ஆகலயா, புள்ள குட்டி பொறக்கலயா? பூட்டு, நீ சொல்லுடா. நமக்கு என்ன கொறஞ்சு போச்சு?"

எல்லாத் தலையும் திரும்பியது. மெக்கானிக் எழுந்தான். மனைவியின் பக்கம் பார்த்தான். அவள் மடியில் இருந்த பையின் வாரை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். கொடுத்த சத்தியம் நினைவுக்கு வந்தது.

"நல்லா விளையாடினோம்," என்றான். வேறு ஒன்றும் வரவில்லை. உட்கார்ந்துவிட்டான். கை தட்டினார்கள். அந்தக் கைதட்டலில் அவனுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. மகள் கேட்டது ஒன்றே ஒன்று. அதைக்கூடச் செய்ய வாய் வரவில்லை.

அப்போதுதான் பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. "நான் கொஞ்சம் பேசணும்."

அவன் மனைவி எழுந்து நின்றிருந்தாள். பல் டாக்டரிடம் வரவேற்பில் இருப்பவள். பயந்து போய் வருகிறவர்களிடம் பேசிப் பேசிப் பழகிய குரல்.

"நான் தையல் ரூம்ல இருந்தவ. அங்க என்ன நடந்துச்சுன்னு அந்தப் பக்கம் உக்காந்திருக்கிற யாருக்காவது தெரியுமா?"

ஆண்கள் பக்கம் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். இத்தனை வருஷமாகக் கேட்க நினைத்த கேள்வி அல்லவா?

"கைக்குட்டைக்கு ஓரம் தெச்சோம்."

பெண்கள் பக்கம் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பிறகு இன்னொருத்தி. பிறகு அந்தப் பக்கம் முழுவதும் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கியது.

"டீச்சர் வருவாங்க. வெயில் கண்ணுல அடிக்குதுன்னு திரையை இழுத்து விடுவாங்க. 'பசங்ககிட்டேருந்து ஒரு கை தூரம் தள்ளி நில்லுங்க, கல்யாணம் வரைக்கும் அது போதும்'னு சொல்லுவாங்க. அதுதான் பாடம். அப்புறம் ஊசியில நூலக் கோத்துக்கங்கன்னு சொல்லிட்டு மேஜையில தலையச் சாச்சிருவாங்க."

"அப்ப அந்தப் பெட்டி?" என்று புயல் தன்னையறியாமல் கேட்டுவிட்டான்.

"நூல்கண்டு."

ஹால் அதிர்ந்தது. தலைமை ஆசிரியைகூடச் சிரிப்பை மறைக்கக் கைக்குட்டையைத் தேடினார். "வெளிய வரும்போது மட்டும் தலையத் தூக்கிட்டு வரணும்னு பேசி வெச்சிருந்தோம். உங்க எல்லாருக்கும் எங்களப் பாத்தா ஒரு பயம் இருந்துச்சு. அது எங்களுக்குப் பிடிச்சிருந்தது. அந்த நாள நெனச்சா எனக்கும் ஆசையாத்தான் இருக்கு."

சிரிப்பு ஓயும்வரை நின்றாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "காத்திருக்கச் சொன்னாங்க, காத்திருந்தோம். அதுல தப்பில்ல. என் பொண்ணுகிட்டயும் நான் அதத்தான் சொல்லுவேன். ஆனா கல்யாணம் ஆச்சு. அப்புறமும் காத்திருந்தோம். மூணு வருஷம்."

முதலில் யாருக்கும் புரியவில்லை. புரிந்ததும் முன்வரிசையில் இருந்தவர்கள் திரும்பி அவளைப் பார்த்தார்கள்.

"அவருக்குத் தெரியும்னு நான் நெனச்சேன். எனக்குத் தெரியும்னு அவர் நெனச்சாரு. அந்த மூணு வருஷமும் கொறை எனக்குத்தான்னு எல்லாரும் பேசினாங்க. நானும் அப்படித்தான் நெனச்சேன். கடைசியில ஒரு டாக்டரம்மாதான் எங்க ரெண்டு பேருக்கும் சொல்லிக் குடுத்தாங்க. கொறை எங்க ரெண்டு பேர்கிட்டயும் இல்ல. அது அந்தப் புதன்கிழமை மத்தியானத்துல இருந்துச்சு."

முன்வரிசையில் அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். ஆண்கள் பக்கம் பின்னாலிருந்து ஒரு குரல் கிசுகிசுத்தது. "பூட்டுன்னு சும்மாவா பேர் வெச்சோம்." நாலைந்து பேர் சிரித்தார்கள்.

மெக்கானிக் எழுந்தான். இரண்டு பக்கத்துக்கும் நடுவே இருந்த பாதையைக் கடந்து போய் மனைவிக்குப் பக்கத்தில் நின்றான். காது கொதித்தது.

"சிரிச்சுக்கங்க, பரவால்ல," என்றான். "அவ சொன்னது அத்தனையும் நெசம். நான் பந்து ஒண்ணையும் விடாமப் பிடிச்சவன். பொண்டாட்டிகிட்ட 'எனக்குத் தெரியல'ன்னு ஒரு வார்த்தை சொல்ல என்னால முடியல. இவ குழாயத் தொறந்துவிட்டு அழுதா. நான் வேலைக்குப் போயிட்டேன். என் பொண்ணு காத்திருக்கட்டும். தெரிஞ்சுக்கிட்டுக் காத்திருக்கட்டும். பையன்களும் தெரிஞ்சுக்கட்டும். எனக்கு அந்த மைதானம்னா உசுரு. ஆனா நாங்க அங்க நின்னது விளையாட மட்டும் இல்ல. தெரிஞ்சுக்கக் கூடாதுன்னு எங்கள அங்க அனுப்பி வெச்சிருந்தாங்க."

கை தூக்கச் சொன்னார்கள். பெண்கள் பக்கம் ஏறக்குறைய எல்லாக் கையும் முழுப்பாடத்துக்குப் போயிற்று. ஆண்கள் பக்கம் ஒன்றொன்றாக, பக்கத்திலிருப்பவனைப் பார்த்துப் பார்த்து. புயல் எதற்கும் கை தூக்கவில்லை. டீ வந்துவிட்டதா பார்க்கிறேன் என்று வெளியே போனவன் திரும்பி வரவில்லை.

கூட்டம் கலைந்தபோது அக்கா வந்து தம்பி மனைவியின் தோளில் கை வைத்தாள். "எங்கிட்ட அப்பவே சொல்லியிருக்கலாமே," என்றாள்.

"என்னன்னு சொல்றது அண்ணி? எனக்கே தெரியாதே."

அக்கா தலையை ஆட்டினாள். கையை எடுக்கவில்லை. வாசல்வரை அப்படியே நடந்து வந்தாள்.

முதல் பாடம் நடந்த புதன்கிழமையன்று மெக்கானிக் அந்தக் கட்டடத்துக்கு வேலையை எடுத்துக்கொண்டான். வடங்களில் ஒன்று தேய்ந்திருந்தது, மாற்ற வேண்டியதுதான். ஆனால் அன்றைக்கே மாற்ற வேண்டும் என்று ஒன்றும் இல்லை. லிஃப்டை நிறுத்தி, கீழ்த்தளத்தில் பலகை மாட்டிவிட்டு மேலே வந்தான். மணி அடிக்கும் சத்தம் கேட்டதும் ஜன்னலுக்குப் போனான்.

மைதானத்தில் யாரும் இல்லை. கோல் கம்பங்கள் இரண்டும் சும்மா நின்றன. அந்த நேரத்தில் அந்த இடத்தை அவன் காலியாகப் பார்ப்பது இதுதான் முதல் தடவை. மனசு நொந்தது. தானே கேட்டு வாங்கியதுதான், இருந்தாலும் நொந்தது. மாடிப்படிக்குப் பக்கத்து அறையின் ஜன்னலில் திரைச்சீலை இல்லை. கண்ணாடிக்குப் பின்னால் பையன்களும் பெண்களும் கலந்து நிறையத் தலைகள் தெரிந்தன. அதில் ஒன்று அவன் மகள். எது என்று தெரியவில்லை.

படிக்கட்டில் யாரோ ஏறிவரும் சத்தம் கேட்டது. நின்று நின்று, மூச்சு இரைக்க இரைக்க. மொட்டை மாடிக் கதவு திறந்தது. புயல். கையில் பன் பொட்டலம். முகம் அடுப்பிலிருந்து எடுத்த மாதிரி சிவந்திருந்தது.

"ஏண்டா, போன் பண்ணியிருந்தா நான் இறங்கி வந்திருப்பேனே. எட்டு மாடி."

புயல் கையை ஆட்டினான். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். பொட்டலத்தைக் கருவிப் பெட்டி மேல் வைத்தான். ஜன்னலுக்கு வந்து காலி மைதானத்தைப் பார்த்தான். கேலி பண்ணப் போகிறான் என்று மெக்கானிக் காத்திருந்தான்.

"அந்த டாக்டரம்மா," என்றான் புயல், மைதானத்தைப் பார்த்தபடியே. "இன்னும் பாக்குறாங்களா?"

மெக்கானிக் அவனைப் பார்த்தான்.

"நம்ம பெரியவனுக்குத்தான். ரெண்டு வருஷமாச்சு. அந்தப் பொண்ணு ஒண்ணும் சொல்லாமப் போயிருச்சு. இவனும் வாயத் தொறக்க மாட்டேங்கிறான். எங்க வீட்டுல அந்தப் பொண்ணத்தான் குத்தம் சொல்லிட்டு இருக்கா. உன் பொண்டாட்டி அன்னைக்குப் பேசினதுலேருந்து எனக்குத் தூக்கமே இல்ல. அவனும் இதே மைதானத்துல ஆடினவந்தானே?" ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். "தானாத் தெரியும்னு நெனச்சேன்டா."

கீழே இருக்கும் மகன் காதில் விழாத இடம் ஒன்று தேடி, இந்த உடம்பைத் தூக்கிக்கொண்டு எட்டு மாடி ஏறியிருக்கிறான். மெக்கானிக்குக் கேலி மறந்துவிட்டது.

"அந்தம்மா இப்ப இல்ல. அவங்க மக அதே ரூம்ல உக்காந்து பாக்குறாங்க. எங்க பொண்ணுக்கு ஜுரம்னாலும் அங்கதான் போவோம். நல்லாப் பேசுவாங்க," என்றான். "ஆனா ஒண்ணு. அந்தப் பொண்ண மட்டும் அனுப்பாத. அவனை மட்டும் அனுப்பாத. ரெண்டு பேரும் ஒண்ணாப் போகணும். ஒரே ரூம்ல உக்காந்து கேக்கணும்."

புயல் தலையாட்டினான். சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தான். "அவன்கிட்ட எப்படிடா ஆரம்பிக்கிறது?"

"'எனக்கும் யாரும் சொல்லித் தரல'ன்னு ஆரம்பி."

எதிர் அறையில் யாரோ கை தூக்கினார்கள். ஏதோ கேள்வி.

"நல்லாத்தான்டா விளையாடினோம்," என்றான் புயல்.

"ஆமா. நல்லாத்தான் விளையாடினோம்."

வடத்தை நாளைக்கும் மாற்றிக்கொள்ளலாம். மெக்கானிக் லிஃப்டை மறுபடி போட்டான். இரண்டு பேரும் ஒன்றாகக் கீழே இறங்கினார்கள். பேக்கரியில் மூத்தவன் மாவுக் கையோடு மேஜையருகே நின்றிருந்தான். புயல் கல்லாவைத் தாண்டி உள்ளே போனான். மகனைக் கையைக் கழுவிக்கொண்டு வரச் சொல்லிவிட்டு, அடுப்புக்குப் பின்னால் இரண்டு ஸ்டூலை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் போட்டான்.